காற்று தணிந்த பாதை

ஆண்டின் கடைசி நாள். ரென்ஸ்கே காப்பி போட்டாள், குடிக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள். வாய்க்கால் கரை மரங்கள் எல்லாம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மறுபடி அடுப்படிக்கு வந்தாள். வலது முழங்கால் வலித்தது. ஜனவரி நடுவில் அதை அறுத்து உலோகம் வைக்கப்போகிறார்கள். அடுத்த வருஷம் நெடுந்தூரம் மிதிக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வருஷப் பறவைப் பட்டியல் அவளுக்கு இவ்வளவு பெரிதாகியிருந்தது.

நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் சைக்கிள் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு விதி ஒன்றுதான். வீட்டு வாசலிலிருந்து மிதித்தோ நடந்தோ போய்ப் பார்த்த பறவை மட்டுமே கணக்கு. மோட்டார் தொட்டால் போச்சு. சரிபார்க்க யாரும் வருவதில்லை. அவரவர் வாய்ச்சொல்தான்.

அவளுடைய பழைய போட்டிக்காரன் வீபேயின் பட்டியலும் அவளுடையதும் எண்ணிக்கையில் சமமாக நின்றன. அவன் நவம்பரிலேயே பார்த்துவிட்ட சிறிய வெண்நெற்றி வாத்து அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அது அன்று காலை ஆன்யும் என்ற ஊருக்குப் பின்னால் மேய்வதாகப் பறவை பார்ப்பவர்களின் குழுவில் செய்தி வந்திருந்தது. பார்த்துவிட்டால் அவள் முந்திவிடுவாள்.

வீபே போன் செய்தான். "இந்தக் காத்துல மிதிச்சா நீ பின்னாடிதான் போவ. பேசாம வீட்ல உக்காரு. சமமா முடிச்சுக்கலாம்."

"பயமா இருக்கா உனக்கு?" என்றாள். ஒரு கை ஏற்கெனவே மேலங்கிக்குள் போயிருந்தது.

காற்று நேரே முகத்தில் அறைந்தது. பாதி வழியில் பின்சக்கரம் இழுத்தது. இறங்கிப் பார்த்தாள். வேலி வெட்டியவர்கள் விட்டுப்போன முள் ஒன்று ஏறியிருந்தது. மாற்று டியூப்பைப் போன வாரம்தான் போட்டுத் தீர்த்திருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டே பக்கத்துப் பண்ணைக்குள் நுழைந்தாள்.

முற்றத்தில் பண்ணைக்காரர் யெல்லேயும் அவருடைய தம்பிகளும் பழைய பால் கேன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஆண்டு முடிவில் உள்ளே கார்பைடு போட்டு வெடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"என்னக்கா, ஊரெல்லாம் காத்து, உங்க டயர்ல மட்டும் இல்லையா?" என்றார் யெல்லே.

"இருட்டுறதுக்குள்ள ஒரு வாத்தப் பாக்கணும்."

"வாத்தா? எங்க புல்லையெல்லாம் தின்னு தீர்க்குதுங்க. வேணுங்கிறதப் புடிச்சுட்டுப் போங்க."

"கண்ணச் சுத்தி மஞ்சள் வளையம் இருக்கணும். கூட்டத்துல ஒண்ணே ஒண்ணுதான்."

"மோதிரமா? அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு போல," என்றான் ஒரு தம்பி. எல்லாரும் சிரித்தார்கள்.

யெல்லேயின் மனைவி ஃபென்னா மாவுக் கையோடு வெளியே வந்தாள். "சிரிச்சது போதும். என் சைக்கிளக் குடுங்க அவங்களுக்கு. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒரு கேனும் வெடிக்கக்கூடாது. வாத்து பறந்துடும்."

"மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்கோம் ஃபென்னா!"

"இன்னும் கொஞ்சம் காத்திருந்தா செத்தா போயிடுவீங்க?"

யெல்லே சைக்கிளைக் கொண்டுவந்து இருக்கையைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். கைப்பிடியில் எதையோ அழுத்தினார். "எல்லாம் தயார். போங்கக்கா."

சாலைக்கு வந்ததும் காற்று தணிந்துவிட்டது. முழங்கால் வலிக்கவேயில்லை. "நன்றி, ஆண்டவரே," என்று ரென்ஸ்கே வாய்விட்டே சொன்னாள்.

முதுகில் கொண்டுவந்த தொலைநோக்கியை அணைக்கரையில் நிறுத்தினாள். வயல் முழுக்க வாத்துகள். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு சிறிய தலை நிமிர்ந்தது. நெற்றியின் வெள்ளை உச்சிவரை ஏறியிருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

எங்கோ வேறு ஊரில் கேன் ஒன்று அதிர்ந்தது. கூட்டம் முழுவதும் எழுந்து ஏரியின் அக்கரைக்குப் போய்விட்டது.

சிரித்துக்கொண்டே திரும்பியவள் நின்றாள். வாய்க்காலில் நாணல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. காற்று தணியவேயில்லை. சைக்கிளைப் பார்த்தாள். மணிக்குக் கீழே சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பின்பக்கத்துப் பையைத் தூக்கினாள். அடியில் பேட்டரி.

யாரும் பார்க்கவில்லை. அவள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கரையில் இப்படியும் அப்படியும் நடந்தாள். பிறகு விளக்கை அணைத்தாள். கனத்த சைக்கிளை மோட்டார் இல்லாமல் கால் பலத்தாலேயே மிதித்துத் திரும்பினாள்.

முற்றத்தில் ஒருவரும் எதையும் வெடிக்கவில்லை. குளிரில் கைகளைத் தேய்த்தபடி நின்றிருந்தார்கள். அவளுடைய சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா அக்கா?" யெல்லே ஓடிவந்தார். "மோட்டார நான் முழு வேகத்துல வச்சேன், உங்க காலப் பாத்துட்டு."

அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. கொடுத்த கையிடம் போய்க் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பாத்தேன். உங்க சைக்கிள் இல்லேன்னா பாத்திருக்கவே முடியாது," என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர்கள் ஆரவாரம் செய்து கேன்களை வெடித்தார்கள். ஃபென்னா அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய், திராட்சை போட்டுப் பொரித்த உருண்டைகளைச் சர்க்கரைத் தூளோடு முன்னால் வைத்தாள். அப்போது போன் அடித்தது. வீபே.

"என்ன, ஜெயிச்சுட்டியா?"

"சமம்தான், வீபே."

"பாக்கலையா?"

"நல்லாப் பாத்தேன்."

"மோட்டாரா?"

"ம்."

"வண்டி குடுத்தவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"ம்."

"சரி, நான் ஒண்ணும் கேக்கல." அவன் தொண்டையைச் செருமினான். "நாளைக்கு எல்லாருக்கும் மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பம். விடியும்போது என் வீட்டுக்கு வா. உன் முட்டி தாங்குற தூரம் போவோம். என் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வா. காத்த நான் வாங்கிக்கிறேன்."

போனை வைத்தாள். "யாரு?" என்றாள் ஃபென்னா.

"என் போட்டிக்காரர்."

"ரெண்டு உருண்டை கட்டித் தரேன், அவருக்கும் குடுங்க."

ரென்ஸ்கே தலையாட்டினாள். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் அதற்குள் தாளம் போட ஆரம்பித்திருந்தது.