முகம் தெரியாமல் விழுந்தவன்

எல்லாரும் சௌக்கியம்தானே? இருமல், காய்ச்சல் ஒன்றும் இல்லையே? நல்லது. இது சிரிக்கிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டில், 1951 மார்ச்சில், ஹெஸ்டர் லிண்ட்குவிஸ்ட் என்ற எடிட்டருக்கு நடந்தது.

அன்று தயாரிப்பாளர் மார்வின் ஸ்டோக் அவளுடைய எடிட்டிங் அறைக்கே வந்து கதவைச் சாத்தினார்.

“எம்மெட் டாலிவர் கம்யூனிஸ்ட்னு எவனோ அரசாங்க விசாரணைக் குழுகிட்ட பேரைச் சொல்லிட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் மூஞ்சி நம்ம படத்துல எங்கயும் இருக்கக் கூடாது.”

நடிகன் எம்மெட்டுக்கு எப்போதும் கூலிக்குக் கொலை செய்கிறவன் வேஷம்தான். ஹெஸ்டர் தொகுத்த படங்களில் மட்டும் பதினொரு முறை செத்திருக்கிறான். இதில் பன்னிரண்டாவது சாவு.

மதியம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்ன கிழவி, என்னை நறுக்கப் போறியாமே?”

“வாயை மூடிட்டு முட்டையைத் தின்னு. யாரு சொன்னா?”

“ஸ்டுடியோ வாசல்ல காவல்காரன் உள்ளே விடல. பதினஞ்சு வருஷமா சலாம் போட்டவன், இன்னிக்கு என் பேரைக் கேக்குறான்.” சிரித்தான். அப்புறம் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “இனிமே எவனும் என்னைக் கூப்பிட மாட்டான், ஹெஸ்டர். இதுதான் கடைசிப் படம். ஒரே ஒரு ஷாட்ல மூஞ்சி இருக்கட்டும். போதும்.”

“பார்க்கிறேன்” என்றாள். பார்க்கத்தான் செய்தாள். மற்ற காட்சிகளை எல்லாம் நிழலும் முதுகும் தொப்பியுமாக ஒப்பேற்றிவிட்டு, சாவுக் காட்சியை மட்டும் தொடாமல் ஸ்டோக்கிடம் போனாள்.

“கொலைகாரனுக்குத் தண்டனை கிடைக்கலேன்னா தணிக்கைக்காரங்க முத்திரை குத்த மாட்டாங்க சார். அவன் சாகறதை வெட்டினா படமே வெளியில வராது.”

“வேற ஆளை வச்சு முதுகு காட்டி விழ வை.”

“அந்த உயரம் யாருக்கு சார் இருக்கு? இடது காலை இழுத்து நடக்கறது யாருக்கு வரும்? படம் முழுக்க அவன் நிழல்தான் நடக்குது. ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

ஸ்டோக்கை மடக்கிவிட்டதாக நினைத்தாள். அவர் சுருட்டைப் பற்றவைத்தார்.

“சரி, அவனையே கூப்பிடு. பேர் போட மாட்டோம். கூட்டத்துல நிக்கறவனுக்குக் குடுக்கற கூலிதான். குப்புற விழணும்.”

பார்த்தீர்களா? முகத்தைக் காப்பாற்றப் போனவள் முதுகை விற்றுவிட்டு வந்தாள்.

எம்மெட் வந்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. படப்பிடிப்புக்காகக் குழாயில் பொழியவிட்ட மழையில் இரண்டு முறை குப்புற விழுந்தான். மூன்றாம் முறை ஸ்டோக் தொலைபேசிக்குப் போயிருந்தார். எம்மெட் விழுந்து, மெதுவாகப் புரண்டு, விளக்குக்கு நேராக முகத்தைக் காட்டினான். திறந்த கண்ணில் மழை விழுந்தது. கேமராக்காரர் நிறுத்தவில்லை.

அந்த மூன்று விநாடி ஹெஸ்டரின் மேஜைக்கு வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இதைப் படத்தில் விட்டுவைத்தால் வேலை போகும். அடுத்து விசாரணைக் குழு அவள் வீட்டுக் கதவைத் தட்டும். இன்னொரு நாள் வேறு வழி யோசிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படம் வெள்ளிக்கிழமை தணிக்கைக்குப் போகிறது, ஏது இன்னொரு நாள்? முதல் முறை விழுந்ததை எடுத்து ஒட்டினாள். சேற்றில் புதைந்த தலை, தொப்பி, அவ்வளவுதான்.

ஸ்டோக்குக்குப் போட்டுக் காட்டியபோது அவர் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் தலையை நிமிர்த்தவே இல்லை.

படம் வந்த வாரம், பகல் காட்சிக்கு எம்மெட் அவளையும் அழைத்துப்போனான். மழைக் காட்சி வந்ததும் முன்னால் சாய்ந்தான். உடல் விழுந்தது. உடனே போலீஸ் கார். அவன் அப்படியே சாய்ந்தபடி படம் முடியும்வரை இருந்தான்.

வெளியே வெயிலில் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

“ரொம்ப நல்லா வெட்டியிருக்க, ஹெஸ்டர். ஒட்டுன இடமே தெரியல.”

 சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்துவிட்டான்.

உங்கள் வேலையும் என்றைக்காவது உங்களிடம் இப்படி ஒன்றைக் கேட்டிருக்கும். என்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.