கொப்பிக்குக் கொப்பி

விஜயகலா எழுதிய புரோகிராமுக்கு ஒரே வேலைதான். யாரோ எழுதிய கம்ப்யூட்டர் கோடிங்கை அதற்குள் போட்டால், சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும். கட்டளைச் சொல்லுக்கு நீலம், மேற்கோளுக்குள் இருப்பதற்குப் பச்சை, விளக்கக் குறிப்புக்கு இளஞ்சாம்பல் என்று அடையாளம் வைத்து, அழகான வெப் பக்கமாக்கிக் கொடுத்துவிடும். அவளிடம் லெப்டொப் கிடையாது. ஓப்பநாயக்கவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனிலேயே எழுதி, போனிலேயே பார்த்துத் திருப்திப்பட்டிருந்தாள். ‘இதைவிடச் சிறியது’ என்னும் < குறி வந்த இடமெல்லாம் பிரவுசர் குழம்பி மீதி வரியை விழுங்கிய கதை கூட முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது.

பெல்மதுளையில் சனிக்கிழமைதோறும் தமிழில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் நூரியா டீச்சர் அந்தப் பக்கங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “ஒரு பாடத்துக்கு எடம் தாறேன். புள்ளைகள் வெளங்கிக்கிட்டாங்கன்டா இந்த வருசம் முழுக்க ஒன்ட பக்கம்தான். இல்லாட்டி என்ட பழைய நோட்ஸ்,” என்றார்.

“வெளங்கும் டீச்சர்,” என்றாள் விஜயகலா. அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாடத்துக்கு அவள் எடுத்தது கொழுந்து நிறுவை. கிலோவைக் கொடுத்தால், ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவான நோமுக்கு வந்ததா குறைந்ததா என்று சொல்லும் சின்ன புரோகிராம். கோடிங் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் விளக்கம். அந்த விளக்கம்தான் பாடமே.

சனிக்கிழமை காலை, வகுப்புக்குப் பக்கத்தில், அவள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் இன்ஷாப்பின் போட்டோகொப்பி அடிக்கும் கொமியுனிகேஷன் கடையில் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தாள். கருப்பு வெள்ளைதான், கலர் மெஷினில் மை காய்ந்து போய் ஒரு கல்யாண சீசன் கடந்திருந்தது. பிரிண்ட் நன்றாகவே வந்தது. அதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து இன்ஷாப் கொப்பி அடிக்கத் தொடங்கிய நேரம், டீச்சர் பழைய நோட்ஸ் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் கொப்பியை எடுத்துப் பார்த்தார்.

“தமிழ் எங்க புள்ள?”

விஜயகலா எட்டிப் பார்த்தாள். கட்டளைகள் இருந்தன. எண்கள் இருந்தன. இடையிடையே வெறும் வெள்ளை. இளஞ்சாம்பலில் இருந்த விளக்கம் முழுவதையும் மெஷின் தின்றுவிட்டது.

“டார்க்கைக் கூட்டிப் பாப்பமே நங்கி,” என்று இன்ஷாப் பொத்தானை அமுக்கினார். அடுத்த தாள் மழைக்காலத்துச் சுவர் மாதிரி திட்டுத் திட்டாக வந்தது. “அனே, இது எழுத்துக்கு மேல கரிய பூசின மாதிரி.”

“இது பேப்பர்ல வாசிக்கிற புள்ளைகளுக்கு, விஜயகலா. வீட்டுல இருக்கிற ஒரு போனும் வாப்பாட பொக்கட்டுல, அப்பாட பொக்கட்டுலதான் இருக்கும்,” என்றார் டீச்சர். “நான் போய் ரெஜிஸ்டர் மார்க் பண்றேன். முடியிறதுக்குள்ள நல்ல தாள் வந்தா சரி. வரல்லாட்டி நோட்ஸத் தொறந்துருவேன்.”

அவர் போனதும் இன்ஷாப் சிரித்தார். “ஒவ்வொரு சொல்லா கலர் மாத்தப் போறியா? லேசில முடியாதே.”

“ஒவ்வொண்ணா எதுக்கு நானா? சொல்லு மேல நான் கலர ஒட்டவே இல்ல. இது கட்டள, இது வெளக்கம்னு பேர மட்டும்தான் ஒட்டியிருக்கேன். எந்தப் பேருக்கு எந்தக் கலருங்கிறது வெப் பக்கத்தோட தலைப்பகுதியில ஒரே எடத்துல இருக்கு. அங்க மாத்துனா எல்லாம் மாறும்.”

பேசிக்கொண்டே போனில் விரல் ஓடியது. தாளில் நிறம் இல்லையென்றால் போகட்டும். எது எதுவென்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அச்சுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதினாள். எல்லாம் கருப்பு. கட்டளைச் சொல் தடிப்பு. மேற்கோளுக்குக் கீழே புள்ளிக் கோடு. விளக்கம் சரிந்த எழுத்து. வட்ஸ்அப்பில் இன்ஷாப்பின் கம்ப்யூட்டருக்குத் தட்டிவிட்டாள்.

தாள் வந்தது. இன்ஷாப் தலையைச் சாய்த்து வாசித்தார். “தமிழ் எல்லாம் ஓப்பநாயக்க பஸ் வளைவுல திரும்பின மாதிரி சாஞ்சு நிக்கிதே.”

“ஆமா, கேவலமா இருக்கு.” அவள் சிரித்துக்கொண்டே சரிவை அழித்தாள். விளக்க வரியை நேராக நிமிர்த்தி, இடது ஓரத்தில் தடித்த கருப்புக் கோடு ஒன்றை நட்டாள். அடுத்த தாள் பளிச்சென்று இருந்தது. இன்ஷாப் ஒரு கொப்பி அடித்துக் காட்டினார்; தமிழ் அப்படியே நின்றது.

“ஹரி... சரிதானே, மொத்தமா அடிக்கவா?”

“நில்லுங்க நானா. கொப்பிக்குக் கொப்பி அடிங்க.”

“எதுக்கு?”

“இன்னைக்கு வராத புள்ள வந்த புள்ளகிட்ட வாங்கித்தானே அடிக்கும். அதுகிட்ட இன்னொண்ணு வாங்கும். கடைசி ஆளுக்கும் தெரியணும்.”

இன்ஷாப் புருவத்தைத் தூக்கினார். கொப்பியைக் கவிழ்த்து அதில் ஒன்று அடித்தார். அதைக் கவிழ்த்து இன்னொன்று. தடிப்பு தாங்கியது. ஓரக் கோடும் தாங்கியது. புள்ளிக் கோடு மட்டும் தேய்ந்து தூசியாகிவிட்டிருந்தது. அவள் அதை முழுக் கோடாக்கி மறுபடி அனுப்பினாள். மறுபடி கொப்பிக்குக் கொப்பி. இந்த முறை எதுவும் உதிரவில்லை.

“இப்ப அடிங்க நானா.”

சூடு ஆறாத தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, டீச்சர் ரெஜிஸ்டரின் கடைசிப் பெயரில் இருந்தார். நோட்ஸ் ஃபைல் மேசையில் தயாராக இருந்தது. அவர் ஒரு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைப் பிரித்து, பிள்ளைகள் இருந்த வாங்கு ஒவ்வொன்றுக்கும் கொடுத்தார்.

“ஹிமாயா, ஓரத்துல கோடு போட்டிருக்கிற எடத்த மட்டும் வாசிங்க.”

முன்வரிசைப் பெண் எழுந்தாள். “கிலோ நோமுக்குக் கொறைவா இருந்தா, கீழ உள்ள வரி வேல செய்யும்.”

“கொறைஞ்சா எங்க தோட்டத்துல கங்காணிதான் வேல செய்வாரு, வாயால,” என்றது பின்வரிசை. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

“சரி, வாய் அடிச்சவர் எழும்புங்க. அந்தக் கங்காணி எந்த வரியில இருக்கார்?”

எழுந்தவன் விரலால் தாளைத் தடவிக்கொண்டே போனான். தடித்த சொல்லில் நின்றது விரல். “இதுல டீச்சர். இஃப்ல.”

டீச்சர் விஜயகலாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நோட்ஸ் ஃபைலை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.

“அடுத்த பாடம் எப்ப தருவீங்க?”

“அதுவும் போன்ல ரெடியா இருக்கு டீச்சர். நானாகிட்ட ஒருக்கா கொப்பிக்குக் கொப்பி அடிச்சுப் பாத்துட்டுத் தாறேன்.”