குடங்கள் பின்வாங்காத சனிக்கிழமை

2023 மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, விழிஞ்ஞம் முக்கோலைப் பக்கமிருக்கும் ஆனந்தலோகம் கேளிக்கைப் பூங்காவில் ராட்சத ராட்டினத்துக்கான வரிசையில் போய் நின்ற தாசம்மாள், ஒரு அடிகூட எடுத்துவைக்காமல், மாலை ஐந்தேகாலுக்கு நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பாறசாலை சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் இருபத்தொரு பேரும் காலையில் நின்ற அதே ஒழுங்கில் நின்றார்கள். தலை எண்ணுவதற்காகச் செயலாளர் கடைசியில் நிற்பது சங்கத்து வழக்கம். எண்ணினாள், சரியாக இருந்தது. யாருக்கும் காயம் இல்லை. சங்கத்துப் பெண் ராஜபாய் கொண்டுபோன பிளாஸ்கில் சுக்குக்காப்பி ஆறிப்போயிருந்ததைத் தவிர வேறு சேதமும் இல்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வருடம் பூங்காவில் ‘தங்க வரிசை’ என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் கையில் மஞ்சள் வளையம் மாட்டிவிடுவார்கள்; வளையக்காரர்கள் தனி வாசல் வழியாக நேரே ராட்டினத்தடிக்குப் போய்விடலாம். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள், இங்கே அது அறுபது மீட்டர் மேலேயும் ஏறியது. ஒரு வளையக்காரர் முன்னால் நுழைந்தால் சாதாரண வரிசை ஓர் ஆள் இடம் பின்னால் போகும். பதினொரு மணிக்கு வரிசையின் வால் இளநீர்க் கடையில் இருந்தது, பன்னிரண்டுக்கு வாகன நிறுத்தத்தில், அப்புறம் மெயின் ரோட்டில். போக்குவரத்துக் காவலர் சப்பரம் வருவதுபோல வழி விட்டார். பாலராமபுரத்தைக் கடக்கும்போது சங்கத்துப் பெண் ஒருத்தி நின்ற நிலையிலேயே தோளில் போடும் ஒரு கைத்தறி நேரியதை விலைபேசி வாங்கிவிட்டாள். நல்ல துணி என்று இப்போதும் சொல்கிறார்கள்.

தாசம்மாள் இருபத்தாறு வருடமாக முந்திரி ஆலையில் குனிந்து உட்கார்ந்து கொட்டை உடைப்பவள். அவள் கண்ட உலகமெல்லாம் கைக்கும் மடிக்கும் நடுவில் இருப்பதுதான். சங்கத்தின் வருடாந்திரச் சுற்றுலா என்றால் கன்னியாகுமரி, அங்கேயும் அண்ணாந்து பார்க்கத்தான் கிடைக்கும். ஒருதரம் பஸ் ஜன்னல் வழியாக அந்த ராட்டினத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, சாவதற்குள் எல்லாவற்றையும் மேலேயிருந்து ஒருதரம் பார்த்துவிட வேண்டும். ஆசையை மனசோடு வைத்திருக்கலாம். அவளோ செயலாளரானதும் கூட்டத்தில் எழுந்து, இருபத்திரண்டு பேரையும் அதன் உச்சியில் கொண்டுபோய் உட்காரவைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அடுத்த நாற்காலிக்காரி ராஜபாய் அதை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வருடம் பூங்கா தங்க வரிசையை வைத்துக்கொண்டே, ஏழைகளுக்கும் ஒரு வழி இருக்கட்டும் என்று செல்போனில் நேரம் பதிகிற முறையைக் கொண்டுவந்தது. கட்டணம் கிடையாது. காலை ஏழு மணிக்குத் திறக்கும், ஏழு அடித்து நாற்பது வினாடியில் தீர்ந்துபோகும். தாசம்மாளின் புருஷன் சத்தியதாஸ் கொல்லையில் சிக்னல் வரும் தென்னையடியில் நின்று, கண்ணை இமைக்காமல் அமுக்கி, இருபத்திரண்டு பேருக்கும் இடம் பிடித்துவிட்டான். வீடே கொண்டாடியது. பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நேரத்தைப் பார்த்தார்கள். முந்தாநாள் காலை பதினொன்று நாற்பது என்றிருந்தது.

வரிசைகளுக்கு மேலாளரான சுதீஷ் ஆரியசாலை மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்துப் பையன். கழுத்தில் டை, இடுப்பில் வயர்லெஸ், முகத்தில் எப்போதும் ஒரு வருத்தம். போனை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் மரியாதையாகவே பேசினான்.

“சேச்சி, நேரம் கிடைச்சிருக்கு, சரிதான். ஆனா நீங்க லேட்டா வந்துட்டீங்களே.”

“முந்தாநாளைக்கு நாங்க எங்கன வருவது சாரே?”

“அது சிஸ்டமாக்கும் சேச்சி. நான் என்ன செய்யட்டும்?”

இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் தங்க வரிசையே மேல் என்றார்கள். அது இடத்தைத்தான் பறிக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து திரும்பிவரப் பஸ் இருக்கிறது, முந்தாநாளுக்குப் போக எந்த டிப்போவிலும் வண்டி இல்லை. தாசம்மாள் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் விசாரித்தும் பார்த்தாள். முந்தாநாள் வண்டி முந்தாநாளே போய்விட்டது என்றார்கள்.

2025 சித்திரையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ராஜபாய் நோட்டை விரித்தாள். “ரெண்டு வருசம் பாத்தாச்சு. இந்தத் தடவையும் நடக்கல்லண்ணா செயலாளர் வேலைய விட்டுரணும். இனி டூருண்ணா கன்வென்ஷன் பந்தலுக்கு மட்டும் போவோம்.” தாசம்மாள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதவி போனால் போகட்டும். கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்தபடியே தன் ஆயுசு முடிந்துவிடும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சுற்றுலா நாளும் தண்ணீர் லாரி வரும் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. ஆகவே வேனில் ஏறும் முன்பே சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வழக்கம்போல லாரி நிற்கும் முக்கில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். பாறசாலையில் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தொட மாட்டாள். வார்டு மெம்பரின் பெண்சாதியே பிந்தி வந்தாலும் கடைசிக் குடத்துக்குப் பின்னால்தான் வைப்பாள். இதற்குச் சட்டமும் கிடையாது, காவலும் கிடையாது. அன்று மொத்தம் நாற்பத்து மூன்று குடங்கள், முதலில் தாசம்மாளின் நீலக் குடம்.

பூங்காவில் அந்த வருடம் ‘வைர வரிசை’ வந்திருந்தது. தங்கத்தைத் தாண்டிப் போவது வைரம். இதனால் தங்க வளையக்காரர்களும் பின்னால் போகத் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் பட்டத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் குடும்பம் அரைமணி நேரத்தில் தங்கள் காருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. சாதாரண வரிசை போன வேகத்தைச் சொல்லவே வேண்டாம். பாலராமபுரமும் நெய்யாற்றின்கரையும் கண்ணில் பட்டு மறைந்தன, பகல் ஒன்றரைக்கெல்லாம் வால் பாறசாலையைத் தொட்டது. வாலில் நின்ற தாசம்மாள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது குதிகாலில் குளிர்ச்சியாக ஏதோ முட்டியது. திரும்பினாள். அவளுடைய குடம்.

அங்கே வரிசை நின்றது. முக்கோலையில் ஒரு வைர வளையக்காரர் ஒரு காலை வாசலுக்குள் வைத்தவர் மறு காலை வைக்க முடியாமல் திணறினார். நான்கு காவலாளிகள் தள்ளியும் நுழையவில்லை. அடைப்பு எங்கே என்று தேடி, சுதீஷ் பைக்கில் ஏறி வரிசையோரமாகவே இருபத்தைந்து கிலோமீட்டர் வந்து பாறசாலையில் இறங்கினான். குடங்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மொத்த வியாபாரியின் மகன் அல்லவா, நேரே பேரத்துக்கு வந்தான். பையைத் திறந்து இருபத்திரண்டு வைர வளையங்களை எடுத்துக் காட்டினான்.

“சேச்சி, இந்த ஒரு குடத்த மட்டும் லேசா மாத்தி வைங்க. இப்பவே வண்டி விளிக்கேன். மூணு மணிக்கு நீங்க எல்லாரும் மேல இருப்பீங்க.”

இருபத்தொரு பெண்களும் தாசம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜபாய் நோட்டைப் பைக்குள் வைத்தாள். இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டது கைக்கெட்டும் தூரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. தொட வேண்டியதும் தன் சொந்தக் குடம்தான், ஊரான் வீட்டுக் குடம் இல்லை. அவள் முன்னால் பார்த்தாள். முக்கோலை வரைக்கும் மூவாயிரம் பேர், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் நாற்பத்திரண்டு குடங்கள்.

“மாத்தப்பிடாது சாரே,” என்றாள். “எனக்க குடம்தான். ஆனா வச்ச குடத்த மாத்துனா, அதுக்குப் பொறவு இந்த ஊருல குடம் வச்சு ஒரு காரியமும் இல்ல.”

சொல்லிவிட்டு, வாக்குத் தவறினேன் என்று சங்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் நீலக் குடம் ஓர் அடி முன்னால் வந்தது. அதன் பின்னால் மற்ற குடங்களும் ஒவ்வோர் அடி வந்தன. தாசம்மாள் தானாக ஓர் அடி முன்னால் போனாள், அவளுக்கு முன்னால் ராஜபாய், அவளுக்கு முன்னால் அடுத்தவள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றால், பாலராமபுரம் நகராதா? மூன்றரைக்கு அங்கே இருந்தார்கள். இனி நீங்களே போய்க்கொள்வீர்கள் என்பதுபோலக் குடங்கள் அங்கிருந்து வரிசை கலையாமல் ஊருக்குத் திரும்பின. லாரி வந்தபோது எல்லாம் தங்கள் இடத்தில் இருந்தன, நிரப்பிவிட்டுப் போனார்கள். முக்கோலையில் வைர வாசல் வழியாக வளையக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தாசம்மாளுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றார்கள். பட்டம் டாக்டரும் காரைவிட்டு இறங்கி வந்து நின்றார்.

இப்போது ஆனந்தலோகத்தில் ஒரே வரிசைதான். ராட்டினம் ஏற விரும்புகிறவர்கள் முந்தின நாளே ஆள்விட்டுப் பாறசாலை முக்கில் ஒரு குடம் வைக்கச் சொல்கிறார்கள். கொச்சியிலிருந்து கம்பெனி அனுப்பிய நிபுணர்கள் மூன்று நாள் தங்கி, டேப் பிடித்து அளந்து, இது எல்லா முறைகளையும்விடச் செலவு குறைந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு, சங்கத்தின் மூன்றாவது கூண்டில், எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறினாள் தாசம்மாள். பக்கத்தில் ராஜபாய். ராட்டினம் மெதுவாகத் தூக்கியது. துறைமுகத்துக் கிரேன்கள் கீழே போயின, கப்பல்கள் கீழே போயின, வடக்கே பத்மநாபசுவாமி கோபுரமும் கைப்பிடி உயரத்துக்கு வந்தது. கடல் இவ்வளவு பெரியது என்று இதுவரை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று தாசம்மாளுக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் கண்ணைத் துடைக்கவே இல்லை, துடைக்கிற நேரத்தில் ஏதாவது விட்டுப்போகும்.

“செயலாளரு,” என்றாள் ராஜபாய். அப்படி அவள் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. “அடுத்த வருசமும் நீயே இரி, கேட்டியா.”

சரியாக உச்சியில் ராட்டினம் நின்றது. கூண்டின் ஒலிபெருக்கியில் சுதீஷின் வருத்தமான குரல் வந்தது. “சேச்சிமாரே, கீழ நிறைய பேர் ஏறணும். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரும், மன்னிக்கணும் கேட்டோ.”

தாசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“மெள்ள ஏத்துங்க சாரே,” என்றாள். “எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.”