மிளகு டப்பாவில் பேரிங் குண்டு

சோனியாவின் மோட்டார் சைக்கிள் தன் வீட்டு வாசலுக்கு வந்த அன்றே காந்தாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தொண்ணூற்றெட்டாம் வருஷத்து நீலசந்திராவில், அந்தச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பெண் சோனியா ஒருத்திதான். அண்ணன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். இருபத்து மூன்று வயது. வீடு இரண்டு சந்து தள்ளி.

காந்தாவின் புருஷன் கோவிந்தப்பாவுக்கு ஃபாக்டரியில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தெரிந்தவர்களின் வண்டிகளை வாசலில் போட்டுப் பிரித்து மேய்வான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

“சிக்னல்ல நின்னா நியூட்ரலே விழ மாட்டேங்குது அண்ணா. கிளட்சைப் பிடிச்சிருந்தாலும் வண்டி முன்னால இழுக்குது, ஒரே பேஜாரு,” என்றாள் சோனியா.

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், “விட்டுட்டுப் போ, பாக்கறேன்” என்று முடித்திருப்பான். அன்றைக்கு என்னடாவென்றால் பாடமே நடத்தினான். “இஞ்சினை ஆஃப் பண்ணு. கியர்ல போடு. கிளட்சை முழுசாப் பிடிச்சுட்டுத் தள்ளு. வண்டி லேசா உருண்டா கிளட்ச் விடுதுன்னு அர்த்தம். உருளலைன்னா உள்ளே பிளேட்டுங்க ஒட்டிக்கினு இருக்கு. பாரு, உருளலை இல்ல?” கேபிள் சரியாக இருக்கிறது, கியர்பாக்ஸில் குறை இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். ஜன்னலுக்கு உள்ளே நின்று காந்தாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது என்றுகூட அவளுக்கு அவன் விளக்கியது கிடையாது.

கோவிந்தப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் பரப்பிவைப்பான். திரும்பிப் பூட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வருவான். அன்று பிளேட்டுகளைக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தான். தாளின் ஓரத்தில், கிளட்சைத் தள்ளுகிற இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உட்காரும் சின்ன இரும்புக் குண்டு ஒன்று தனியாகக் கிடந்தது. அவன் கை கழுவப் போன நேரத்தில் காந்தா அதை எடுத்து மிளகு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அவள் போட்ட கணக்கு இது. குண்டு இல்லாமல் வேலை முடியாது. முடியாவிட்டால், “என்னால ஆகாது, வேற மெக்கானிக்கைப் பாரு” என்பான். வண்டி போனால் அவளும் போய்த் தொலைவாள்.

கோவிந்தப்பா ராத்திரி வரைக்கும் டார்ச் அடித்துச் சாக்கடை முழுக்கத் தேடினான். காந்தாவும் கூடவே குனிந்து தேடினாள். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு தப்பிப்போனது. வண்டி ஓடியிருந்தால் சோனியா தன் பாட்டுக்குப் போயிருப்பாள். அது இங்கேயே கிடந்ததால் திங்கள், செவ்வாய், புதன் என்று தினமும் சாயங்காலம் வந்து, “ஆச்சா அண்ணா?” என்று நின்றாள். கோவிந்தப்பாவோ தலையை வாரிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். “ஒரு சாமான் வரணும்மா. ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்லயே இல்லைன்னுட்டாங்க,” என்றான். அப்புறம் உள்ளே பார்த்து, “காந்தா, காபி போடு!” எந்தப் பெண்ணை விரட்ட நினைத்தாளோ, அவளுக்கே மூன்று நாளாகக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் காந்தா.

வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை. குண்டைத் திருப்பிப் போட்டுவிடலாம், வேலை முடிந்து சனியன் ஒழியட்டும் என்று மிளகைத் துழாவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் ஃபாக்டரிக்குப் போயிருந்தான். வண்டியின் மேல் கிடந்த கோணியை விலக்கினால், கிளட்ச் மூடியைப் பொருத்தி எல்லா போல்ட்டையும் முறுக்கியிருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்ட பாடம் நினைவிருந்ததால், வண்டியை முன்னும் பின்னும் அசைத்துக் கியரை மிதித்தாள். கிளட்சைப் பிடித்துத் தள்ளினாள். வண்டி லேசாக உருண்டது.

“என்ன காந்தா, ஓட்டக் கத்துக்கறியா?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு அன்னம்மாள். “செவ்வாக்கெழம காலைல நீ தண்ணிக்கு நின்னப்போதான் ஒன் வீட்டுக்காரர் ரவுண்டு அடிச்சுட்டு வந்தாரே. குண்டு காணாமப் போச்சாம், சைக்கிள் கடையில வேற ஒண்ணு வாங்கிப் போட்டாராம். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரரு!”

சைக்கிள் கடையில் குண்டு கிடைக்கும் என்பது காந்தாவுக்குத் தெரியாது. அதைவிட, செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் அவன் சொன்ன பொய்யைக் கேட்டு, தன் வேலை பலித்துவிட்டதாக உள்ளுக்குள் சிரித்தாளே, அதுதான் அவளைக் கொன்றது. கையிலிருந்த குண்டைச் சாக்கடையில் வீசினாள்.

சாயங்காலம் சோனியா வந்தாள். முகம் வாடியிருந்தது.

“சனிக்கிழமைக்குள்ள வந்துடும்மா,” என்றான் கோவிந்தப்பா.

காந்தா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். “செவ்வாக்கெழமையே ரெடியாயிடுச்சு. எடுத்துக்கினு போம்மா.”

“நிஜமாவாக்கா? ரெண்டு பஸ் மாறி மாறி உயிரே போச்சு!” சோனியா ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். கியர் போட்டுப் பார்த்தாள். நியூட்ரல் தொட்டவுடன் விழுந்தது. “தேங்க்ஸ் அக்கா!” என்று கத்திவிட்டுச் சந்து முனை தாண்டிப் போயே போய்விட்டாள். கோவிந்தப்பா அங்கே நின்றதே அவளுக்கு நினைவில்லை.

ஜெயித்துவிட்ட மிதப்பில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காந்தா அவன் பக்கம் திரும்பினாள். அவன் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. வண்டி திரும்பிய முனையைப் பார்த்துக்கொண்டு, அழுக்கே இல்லாத கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் காந்தா எத்தனையோ தடவை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். ஒருநாளும் அவன் அந்த முகத்தோடு நின்று அவளை அனுப்பியதில்லை.