வெயில் விழுந்த பாத்தி

அணில் முதல் கிளையைக் கயிறு கட்டி இறக்கியபோது தையல்காரி ஊசியில் நூல் கோக்கப் போராடிக்கொண்டிருந்தாள். நூல் முனையை நாக்கில் நனைத்துக் கூராக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் நான்காவது தடவையாக ஊசியின் காது அவளை ஏமாற்றியது. வெளியே கிளை தரையில் புரளும் சத்தம். அடுத்த கணம் மெஷின் மேல் ஒரு முழ அகலத்துக்கு வெயில் வந்து விழுந்தது. ஊசிக்காது வீட்டு வாசல்போல அகலமாகத் தெரிந்தது. நூல் நேராக உள்ளே போனது.

ஒரே ஒரு கிளையைத்தான் வெட்டச் சொல்லியிருந்தாள். பின்பக்க ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த கிளை. மரம் ஏறுவதில் கெட்டிக்காரர் என்பதால் தெருவே அவரை அணில் என்றுதான் கூப்பிடும். பெரிய மீசை வைத்த, ஐம்பது வயது அணில். அவர் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, இதை மட்டும் எடுத்தா மரம் அந்தப் பக்கமா சாஞ்சிரும். எதிர்க்கிளையையும் எடுத்தாதான் நேரா நிக்கும்."

"எடுத்துருங்க."

மூன்றாவது கிளைக்கு அவர் கேட்கவில்லை. அவளே ஜன்னலில் தலையை நீட்டி, "அந்த உச்சிக்கிளை வேற கண்ணை மறைக்குது பாருங்க" என்றாள்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ரெண்டு வருஷமா கேக்கறேன். பாக்கலாம், பாக்கலாம்ங்கறாரு. அவரு பாக்கறதுக்குள்ள எனக்குப் பார்வையே போயிரும்."

அணில் சிரித்தார். அரிவாள் மறுபடி பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு கிளை விழும்போதும் வெயில் அறைக்குள் ஓரடி முன்னே வந்தது. இத்தனை வருடம் இருட்டில் தைத்த பள்ளிச் சீருடைகளின் நீலம், உண்மையில் இவ்வளவு நீலமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காலைப்பொழுதில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் பின்னால் அவளை அதிகமாக உறுத்தியது. அவசரத்தில் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளலாம். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அல்லவா செய்தாள்!

மரத்தடியில் அவள் கணவரின் பூப்பாத்தி இருந்தது.

அவர் பஸ் டிரைவர். முப்பது வருடம் ஒரே பக்கத்து வெயிலை வாங்கி, ஜன்னலோரக் கை மற்ற கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தால் இரண்டு பேருடைய கைபோல இருக்கும். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அந்த நிழலில் உட்கார்ந்துவிடுவார். காலை வெயில் மட்டும் இலைகளின் வழியாகச் சல்லடையில் சலித்ததுபோல இறங்கும் இடம் அது. வருடாவருடம் உதிர்ந்த சருகை மக்கவைத்து, அந்த மண்ணில் கலந்து, கோடையிலும் ஈரம் காயாமல் வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஆட்காட்டி விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விடுவார். விரலில் மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் ஒரு குடம்.

பாத்தியின் நடுவில் இருந்த செடிக்குப் பெயர் தெரியாது. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்தபோது தொங்கிய சீட்டு முதல் மழையிலேயே அழிந்துவிட்டது. இளஞ்சிவப்பில் புசுபுசுவென்று பூ விட்டதும் அவர்களின் மகள், அப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள், "அய்யே, பஞ்சுமிட்டாய்!" என்றாள். அதுவே பெயராகிவிட்டது. செடியைப் பிடுங்கி நடவேண்டியதில்லை. பருவம் முடிந்தால் அடியோடு வாடி, அடுத்த பருவத்தில் அதே வேரிலிருந்து எழுந்து வரும். மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அது வந்துகொண்டிருந்தது.

மகள் வீடு மாற்றுவதற்கு உதவப் போயிருந்தவர் நான்காம் நாள் மாலை திரும்பினார். வழக்கம்போல நேரே பின்பக்கம் போனார். தையல்காரி மெஷினை ஓட்டுவதை நிறுத்தவில்லை. சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் தயாராக இருந்தது. ரெண்டு வருஷம் காத்தேன், என் கண்ணைவிட உங்க செடி பெரிசா, இப்படி.

அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"வெளிச்சம் நல்லா இருக்கா?"

குத்தலாகத்தான் கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தாள். இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இருக்கு" என்றாள். பிறகு, "மரம்தானே, திரும்பத் துளிர்க்கும்" என்றாள்.

"துளிர்க்கும்" என்றார் அவர்.

எத்தனை வருடத்தில் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கணக்கை அவளே போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டே நாளில் பஞ்சுமிட்டாயின் இலைகள் ஓரம் கருக ஆரம்பித்தன. இஸ்திரிப்பெட்டியை ஒரு நொடி அதிகம் வைத்துவிட்ட துணிபோல. காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினார். "இன்னொரு குடம் ஊத்தினா என்ன?" என்று கேட்டவளிடம், "வேருக்குப் போதும்மா. இலைதான் வெயில் தாங்கல" என்றார்.

மறுநாள் டிப்போவிலிருந்து ஒரு கட்டுக் குடை கொண்டுவந்தார். பஸ்ஸில் பயணிகள் மறந்துவிட்டுப் போனவை, மாதக்கணக்கில் யாரும் தேடி வராதவை. கறுப்பு, கட்டம் போட்டது, காது வைத்த ஒரு குழந்தைக்குடை. வேலைக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் விரித்துச் செடிகளின் மேல் நட்டுவைப்பார். பத்து மணிக் காற்றில் அவை சரிந்துவிடும். தையல்காரி எழுந்துபோய் நிமிர்த்துவாள். திரும்ப வந்து நாலு தையல் போடுவதற்குள் இன்னொன்று உருளும்.

"என்னக்கா, செடியெல்லாம் பஸ்ஸுக்கு நிக்குதா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"ஆமா, டிரைவர் வீட்டுச் செடிதானே" என்றாள் இவள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்தார். தோளில் பை, கையில் நீளமான அட்டைப்பெட்டி.

"சார் ரெண்டு வாரம் முன்னாடியே, ஊருக்குப் போறதுக்கு முந்தியே சொல்லிட்டாருங்க. மெஷினுக்கு நேர் மேல லைட்டு போடணும், நிழல் கையில விழக்கூடாது, கண்ணும் கூசக்கூடாதுன்னு. அந்த மாதிரி லைட்டு வர்றதுக்கு லேட்டாயிருச்சு." அறைக்குள் வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இங்கதான் இவ்ளோ வெளிச்சம் இருக்கே. எதுக்குங்க லைட்டு?"

அவள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். "போட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவர் பாக்கலாம் என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. வாயைத் திறந்து சொன்னால்தான் என்னவாம் அந்த மனுஷனுக்கு என்று கோபமும் வந்தது. கோபம் வந்தது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நிலைக்கத்தான் இல்லை.

எலக்ட்ரீஷியன் போனதும் சீருடைகளை ஒதுக்கிவைத்தாள். பாத்தியிலிருந்து குடைகளைப் பிடுங்கி வந்தாள். கம்பியோடு துணியைப் பிணைத்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கம்பி போனதும் குடைத்துணி தோலுரித்ததுபோலத் துவண்டு கிடந்தது. தையல் பிரித்தால் முக்கோணம் முக்கோணமாக வந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் கட்டம், கட்டத்துக்குப் பக்கத்தில் குழந்தைக்குடையின் மஞ்சள். நல்ல வெளிச்சம். ஒரு தையல்கூடக் கோணவில்லை. கண்ணைத் துடைக்கத்தான் இரண்டு மூன்று தடவை நிறுத்தவேண்டியிருந்தது.

நாலு மூங்கில் நட்டுக் கட்டி முடித்தபோது மூன்று மணி. மேற்கே ஒரு சாண் துணி போதவில்லை.

மாலை அவர் வந்தார். பாத்தியின் மேல் பரந்த அந்தப் பலநிறத் துணியை நிமிர்ந்து பார்த்தார். குழந்தைக்குடையின் இரண்டு காதுகளையும் அவள் பிரிக்காமலே விட்டிருந்தாள். அவை காற்றில் ஆடின. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். சாய்வெயில் அந்த ஒரு சாண் இடைவெளியில் புகுந்து அவருடைய கறுத்த கை மேலேயே விழுந்தது. கையை நகர்த்திக்கொள்ளவில்லை.

பஞ்சுமிட்டாயின் தண்டில் ஒரே ஒரு இலைதான் பச்சையாக இருந்தது. அதன் அடியில், ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். முதல் கணு. இரண்டாவது கணு.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தையல்காரி, புது விளக்கைப் போடாமல், விரல் மண்ணோடு வெளியே வருமா என்று காத்துக்கொண்டு நின்றாள்.