நடுச்சுவர்

செபமாலையம்மாளின் கழுத்திலிருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மிச்சத்தைக் கருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கதிர்வீச்சுள்ள அயோடின். அதிலிருந்து இரண்டு விதக் கதிர்கள் வரும் என்றார் டாக்டர். பீட்டா உடம்புக்குள்ளேயே நின்று கெட்ட திசுவை எரிக்கும். காமா உடம்பைத் தாண்டி வெளியே போகும். ஆகவே சில நாள் தனியறை, தனித்தட்டு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது.

தேவிகுளத்துக்கு மேலே, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பியவள் எல்லாவற்றையும் கடைப்பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பின்சி கர்ப்பிணி. கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு முற்றத்துக் கோடியில் போய் நிற்பாள்.

"ஏன் பெரியம்மா, இருட்டுல மினுங்குதீங்களா? கரண்டு போனா உங்க வீட்டுக்கு வந்துருவோம்."

"வாயப் பாரு. அங்கிட்டுப் போ தாயி."

மத்தியானம் ஆஸ்பத்திரி நர்ஸ் நலம் விசாரித்துப் போன் செய்தாள்.

"கட்டில் எங்க கிடக்கு சேச்சி?"

"சுவரோரமா."

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

செபமாலையம்மாள் உள்ளதைச் சொன்னாள். அந்தப் பக்கம் பின்சியின் கட்டில். பெரியம்மா ஒண்டியாகக் கிடக்கிறாளே என்று அவள்தான் அதைச் சுவரோடு இழுத்துப் போட்டிருந்தாள். வந்த நாள் முதல், ஒரே செங்கல் சுவரின் இருபுறமும் சாய்ந்துகொண்டு இருவரும் செபமாலை சொல்லியிருந்தார்கள்.

"சுவர் கொஞ்சம் தடுக்கும், முழுசாத் தடுக்காது," என்றாள் நர்ஸ். "ரொம்பப் பயப்பட வேண்டாம். ஆனா இன்னைக்கே தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு அவளோட டாக்டர்கிட்டயும் சொல்லணும்."

கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் சூசையப்பனின் பேரப்பிள்ளைகள் தூங்கின. லயத்தில் ஒரு சுவரும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. சொன்னாலோ, நாளை முதல் குழாயடியில் இவளைக் கண்டால் விலகுவார்கள். கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆளைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள்.

பிள்ளையைச் சுமப்பவளிடம் மறைத்துவிட்டு ஆண்டவரிடம் எதைக் கேட்பது? அவள் கதவைத் திறந்தாள்.

"பின்சி, அங்கனயே நில்லு. ஒண்ணு சொல்லணும்."

கேட்கக் கேட்கப் பின்சியின் சிரிப்பு அடங்கியது. அவள் புருஷன் வினோ முன்னால் வந்தான், பிறகு தானாகவே இரண்டடி பின்வாங்கினான்.

"இத மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?"

"தோணலய்யா. என் தப்புதான்."

"பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

"ரொம்பப் பயப்படாதீங்கன்னுதான் சொன்னாங்க. எனக்கு என்னத்தத் தெரியும்? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய்யா."

சாயங்காலம் ஜீப் வந்தது. சூசையப்பன் வீட்டுக்குள் கட்டில்கள் இழுபடும் சத்தம் கேட்டது. லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. செபமாலையம்மாள் தன் கட்டிலை அறையின் நடுவில் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

வினோ அவளைப் பார்க்காமல் ஏறினான். பின்சி ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டினாள். ஒரு கை வயிற்றைப் பொத்தியபடியே இருந்தது.

"உள்ள போங்க பெரியம்மா," என்றாள். "கழுத்துல பனி படுது."