எண்ணெய் நெறைஞ்சிருக்கு

வெள்ளையம்மாள் வாயில் "இல்லை" என்ற சொல் வராது. அடுப்படியில் எது தீர்ந்தாலும் "நெறைஞ்சிருக்கு" என்பாள். உப்பு நெறைஞ்சிருக்கு என்றால் உப்பு வாங்கி வர வேண்டும் என்று பொருள். அரிசி நெறைஞ்சிருக்கு என்றால் பானையைத் தட்டினால் சத்தம் கேட்கும் என்று பொருள். விளக்கு வைக்கிற வீட்டில் இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். அவள் புருஷன் தசரதன் இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாஷையைப் புரிந்துகொண்டு கடைக்குப் போய்வருகிறவர்.

எழுபத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் எல்லாமே நெறைஞ்சிருந்தது.

தசரதனுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடைபோடுகிற வேலை. ஆடியில் மண்டிக்காரர்கள் கூலியை ரூபாய்க்கு நாலணா ஏற்றிக் கொடுத்தார்கள். ஐப்பசிக்குள் எண்ணெய் ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது. அரிசியும் வெல்லமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறின. ஆனால் கூலி ஏறிய சேதி மட்டும்தான் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அவர்கள் மகள் வேதாவை வைகாசியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பயிர்த்தொழில் செய்கிற குடும்பம். இது தலை தீபம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து இலை போட்டாக வேண்டும். பெண் எடுத்தது திருவண்ணாமலையில் என்றால் சம்பந்திகளும் கூடவே வருவார்கள். தீபத்துக்கு அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

வெள்ளையம்மாள் யோசித்தாள். மண்டியில் மூட்டை தூக்கும் இருசப்பன் கீழ்பென்னாத்தூர்க்காரன். அவனைக் கூப்பிட்டாள்.

"இருசப்பா, நாளைக்கு ஊருக்குப் போறியே, சம்பந்தி வீட்டுல ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லுக்கா."

"இங்க அரிசி நெறைஞ்சிருக்கு, எண்ணெயும் நெறைஞ்சிருக்கு. இந்த வருஷம் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா போதும். அண்ணிகிட்ட சொல்லு, அவங்களுக்குப் புரியும்."

"இதுல புரியாததுக்கு என்னாக்கா இருக்குது?"

அவன் கல்யாணம் ஆகாதவன். மூன்று வேளையும் ஓட்டல். ஓட்டலில் தீர்ந்தால் தீர்ந்தது என்றுதான் சொல்வார்கள்.

அவன் போன நேரம், சம்பந்தியம்மாள் ஜோதியம்மாள் களையெடுக்கப் போயிருந்தாள். வாசலில் இருந்தவர் அவள் புருஷன் ராஜமாணிக்கம். இருசப்பன் அவரிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தீபத்தன்று காலை பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி அல்ல. வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். முன்னால் ராஜமாணிக்கம், அவருடைய அண்ணன் வேடியப்பன், பங்காளிகள் இரண்டு பேர், மாப்பிள்ளை சகாதேவன், நாலு பிள்ளைகள். கடைசியில் ஜோதியம்மாளும் வேதாவும். பதினோரு பேர். கையில் மாற்றுத்துணி மஞ்சள் பையைத் தவிர ஒன்றும் இல்லை.

"வாங்கண்ணா, வாங்கண்ணி, வாங்க வாங்க..." அவள் வாய் தானாகச் சொன்னது.

"வந்துட்டோம் தங்கச்சி!" ராஜமாணிக்கம் உட்காரும்போதே சிரித்தார். "மச்சான், ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் கட்டி வெச்சிருந்தேன். இருசப்பன் வந்து சொன்னான் பாருங்க, உடனே எறக்கிட்டேன்."

"என்னா சொன்னான்?" என்றார் தசரதன்.

"அரிசி, எண்ணெய் எல்லாம் நெறைஞ்சிருக்கு, நீங்க வந்தா போதும்னான். நெறைஞ்சிருக்கிற வீட்டுக்கு மூட்டை தூக்கினு போனா உங்களைக் கொறைச்ச மாதிரி ஆவாதா?"

தசரதன் மனைவியைப் பார்த்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "எண்ணெய் நெறைஞ்சிருக்குங்க."

"கேட்டியாண்ணா!" ராஜமாணிக்கம் தொடையைத் தட்டினார். "நான் சொன்னேனில்ல? மண்டிக் கூலி ஏறின வீடு!"

வேடியப்பன் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பாக்கலாம், பாக்கலாம். தீபம் பாத்துட்டுத்தானே இலை? ஆறு மணி வரைக்கும் பச்சத் தண்ணிதான் நமக்கு."

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வேதா அடுப்படிக்குள் வந்தாள். வந்ததும் பானையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அப்போ அந்தச் சேதி..."

"ஆமாண்டி."

"எனக்குத் தெரியவே தெரியாதும்மா. மாமா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, கெளம்புன்னாரு, கெளம்பினேன்." குரலைத் தாழ்த்தினாள். "பெரிய மாமா எங்க வீட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாத்து வெச்சிருந்தாராம். நான் வந்ததே அவருக்குப் புடிக்கல. டவுன் சம்பந்தம் எந்த மட்டுன்னு தெரிஞ்சிக்கறேன்னு சொல்லித்தான் வந்திருக்காரு. இன்னிக்கு ஒண்ணு கொறைஞ்சா, நான் அந்த வீட்டுல தலை தூக்க முடியாதும்மா. பாத்துக்கோ."

"எதை வெச்சுடி பாத்துக்கறது?"

"எனக்கென்னா தெரியும்!" என்றாள். அழுகை வருவதற்குள் வெளியே பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

தசரதன் திரும்பி வர ஒரு மணி ஆனது. ஊர் முழுக்கக் கூட்டம். தேரடியிலிருந்து திருவூடல் தெரு வரைக்கும் தலைமேல் தலை. கையில் ஒரு சின்ன சீசா எண்ணெய், மடியில் கொஞ்சம் அரிசி, வெல்லம்.

"இவ்ளோதானா?"

"காலையில ஒரு வெலை, மத்தியானம் ஒரு வெலை விக்கிறான். வெளியூர் ஜனம் வாங்கறப்போ நம்மகிட்ட எதுக்குக் கம்மி பண்ணப்போறான்?" வெளியே ஆட்கள் இருப்பது நினைவு வந்து குரலை அடக்கினார். "நாலு கடை பாத்துட்டேன். கடையிலயும் நெறைஞ்சிருக்கு."

"கூலி ஏறிச்சு, கூலி ஏறிச்சுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"நானா சொன்னேன்? இருசப்பன் சொன்னான்."

"அவன் வாயில..." என்று ஆரம்பித்தவள், நல்ல நாள் என்று நிறுத்திக்கொண்டாள்.

பூசணிக்காயைப் போட்டுச் சாம்பாரைப் பெருக வைத்தாள். பாயசத்தில் ஜவ்வரிசியைவிடத் தண்ணீர் ஜாஸ்தி. வடை மட்டும் பெருக வைக்க முடியாத பண்டம். உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சின்னதாக்கினாள். ஒன்பதாவது வடையில் சட்டி காய்ந்துபோய்ப் புகைந்தது. பாத்திரத்தில் மாவு மிச்சம் இருந்தது, போட்டெடுக்கத்தான் வழி கிடையாது.

ஆறு மணிக்கு எல்லாரும் தெருவில் நின்றார்கள். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது. வெள்ளையம்மாளும் கை கூப்பினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இலை எத்தனை என்பதுதான் மனசில் ஓடியது.

முதல் பந்தி ஆண்களும் பிள்ளைகளும். தசரதன் பரிமாறுகிறேன் என்று நின்றுகொண்டார். ஒன்பது இலை, ஒன்பது வடை. தாம்பாளம் காலி.

வேடியப்பன் வடையை ஒரே வாயில் போட்டார். மென்றார். விரலை நக்கினார்.

"வடை பலே ருசி. இன்னொண்ணு போடு தங்கச்சி."

வெள்ளையம்மாள் காலித் தாம்பாளத்தைச் சேலையோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நெறைஞ்சிருக்குங்கண்ணா."

"நெறைஞ்சிருந்தா போட வேண்டியதுதானே!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. வேதா கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். தசரதன் சாம்பார் வாளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவர் போலக் கலக்கிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் பிறந்ததிலிருந்து சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"இல்லைங்கண்ணா. வடை இல்லை."

ராஜமாணிக்கம் வெடித்துச் சிரித்தார்.

"தங்கச்சி வெளையாடுது! காலையில என் காதுபட எண்ணெய் நெறைஞ்சிருக்குன்னு சொல்லிச்சே. சுடச்சுடப் போடணும்னு சட்டி காய வெச்சிருக்கும். பொறுண்ணா, எலையில கைய வெச்சுனு இரு. வரும்."

ஒன்பது பேரும் கையை இலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெள்ளையம்மாள் அடுப்படிக்குள் போனாள். போனாளே தவிர, அங்கே செய்ய ஒன்றும் கிடையாது. பின்னாலேயே ஜோதியம்மாள் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். சீசாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அண்ணி, இருசப்பன்கிட்ட நீங்க சொல்லி அனுப்பினது... இந்த நெறைஞ்சிருக்கா?"

வெள்ளையம்மாள் தலையை ஆட்டினாள்.

"அட பாவி மனுசா!" அது புருஷனுக்கா இருசப்பனுக்கா தெரியவில்லை. "எங்காதுல விழுந்திருந்தா மூட்டையோட வந்திருப்பேனே அண்ணி! எங்க அம்மா வீட்டுலயும் இதே பேச்சுதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே? சம்பந்தி எல்லாரையும் கூப்பிட்டாங்கன்னாரு, அவ்ளோதான்."

"இப்போ போய்ச் சொல்லிடுங்கண்ணி. நான் சொன்னா சிரிக்கிறாங்க."

"சொல்லலாம்." ஜோதியம்மாள் கதவைப் பார்த்தாள். "சொன்னா என் வீட்டுக்காரரு அவங்கண்ணன் முன்னாடி கூனிக் குறுகிப்போவாரு. அந்தக் கோவத்தை என்மேல காட்டுவாரு, போவட்டும். பெரியவரு யாரைச் சொல்லுவாரு? வேதாவைத்தான். இல்லாத வீட்டுப் பொண்ணுன்னு."

வெளியிலிருந்து வேடியப்பன் குரல் வந்தது. "வடை மலையேறிடுச்சா?"

ஜோதியம்மாள் சட்டென்று மிச்ச மாவை எடுத்தாள். வெள்ளையம்மாள் தடுப்பதற்குள் அடுப்புச் சாம்பலில் கவிழ்த்தாள். பாத்திரம் உருண்டு கணீரென்று விழுந்தது.

"ஐயையோ, பாழாப்போன கை!" என்று கத்திக்கொண்டே வெளியே போனாள். "மாவைக் கொட்டிட்டேன் மாமா. ஒத்தாசை பண்றேன்னு போயி அவ்ளோத்தையும் கவுத்துட்டேன்."

"உன்னை யாருடி உள்ள போவச் சொன்னது?" ராஜமாணிக்கம் பாய்ந்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இப்படித்தான்," என்றார் வேடியப்பன். "பால் பொங்கினா கொட்டுவா, மாவு அரைச்சா கொட்டுவா. ஒழுங்கா வளர்த்திருந்தா கை பதறுமா? சம்பந்தி வீட்டுக்கு வந்தும் புத்தி போவல பாரு."

பந்தியில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் உட்பட. ஜோதியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தபடி குனிந்து நின்றாள். வேதா ஒரு அடி எடுத்து வைத்தாள். "மாமா, அத்தை ஒண்ணும்..." ஜோதியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். வேதா நின்றுவிட்டாள்.

வெள்ளையம்மாள் அடுப்படியில் சாம்பலோடு கலந்த மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாள் வாங்கிக்கொண்ட ஏச்செல்லாம் வீண். சொல்லாவிட்டால் அவள் அங்கேயே நிற்க வேண்டும். வேடியப்பன் பாயசம் குடித்து முடிக்கும் வரைக்கும் ஏசினார்.

பெண்கள் சாப்பிட்டதும் எல்லாரும் மலை சுற்றக் கிளம்பினார்கள். அப்படியே பஸ் பிடித்துப் போய்விடுவதாகப் பேச்சு. வாசலில் வேடியப்பன் தசரதனின் தோளில் கை போட்டார்.

"கொறை ஒண்ணுமில்ல மச்சான். நல்ல எடத்துலதான் பொண்ணு எடுத்திருக்கோம். அடுத்த தீபத்துக்கு என் மச்சினன் வீட்டையும் கூட்டினு வரேன். வடை மாவு மட்டும் இவ கைக்கு எட்டாம வைங்க."

ஜோதியம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதாவின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிச்சல். எல்லாரும் வெள்ளையம்மாளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரி சொல்லாமல் யாரும் படி இறங்கமாட்டார்கள்.

போங்க என்று மட்டும் சொல்ல ஒரு சொல் இருக்கிறதா என்று அவள் தேடிப்பார்த்தாள்.

"போயிட்டு வாங்கண்ணா," என்றாள்.